சுண்ணாம்பு தின்ற படகா, உப்பு தின்ற படகா?

கேள்வி: முத்துப்பேட்டை லகூனில் நண்டு வலை, இறால் வலைக்குப் பங்கு ஆளாகப் போய்வருகிறேன். சொந்தப் படகு இல்லை. வேதாரண்யம் பக்கம் மூடிவிட்ட இறால் பண்ணை ஒன்றில் 14 அடி அலுமினியப் படகு விலைக்கு இருக்கிறது. ரிவெட் அடித்தது. வயது இருபதுக்கு மேல் என்கிறார்கள். மூன்று வருடமாகக் கரையில் கிடக்கிறது. படகு மட்டும் 55,000 ரூபாய். பழைய 9.9 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றும் இருக்கிறது, அதற்கு விலை தனி. "அலுமினியம் சோற்றுச் சட்டிக்குத்தான் ஆகும், ஃபைபரே வாங்கு" என்கிறார் என் மச்சான். வாங்கலாமா?

பதில்: இருபது வயது என்பதற்காகத் தயங்க வேண்டாம். இரும்பு துருப்பிடித்து ஏடு ஏடாக உரிவதைப் போல அலுமினியம் உரியாது. காற்றுப் பட்டவுடன் மேலே மெல்லிய தோல் ஒன்று கட்டிக்கொள்ளும். அந்தத் தோல் கெடாதவரை உப்புத் தண்ணீரைக்கூட அது தாங்கி நிற்கும். உங்கள் கடிதத்தில் எங்களை யோசிக்க வைத்தது 'இறால் பண்ணை' என்ற சொல்தான்.

குஞ்சு விடுவதற்கு முன் குட்டைத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். வளர்ப்புக் காலத்தில் சுண்ணாம்பு போடுவார்கள். குட்டையில் படகு இருந்தால் அந்த மூட்டைகளும் அதில்தான் ஏறும். இரண்டுமே அலுமினியத்துக்கு ஆகாதவை. வாஷிங் சோடா போட்டுத் தேய்த்த அலுமினியச் சட்டி கறுத்துப்போவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். காரம் அந்தத் தோலைக் கரைத்துவிடுகிறது. கிழிந்த சாக்கிலிருந்து கொட்டிய தூள் தளப்பலகையின் இடுக்கில் இறங்கி, மழைத் தண்ணீரில் ஊறி, சேற்றோடு சேர்ந்து மூன்று வருடம் அங்கேயே கிடந்திருந்தால், வெளியே பளபளவென்று இருக்கும் படகு உள்ளே சல்லடையாகியிருக்கும்.

ஆகவே போனதும் முதலில் கேட்க வேண்டியது, படகு கவிழ்த்துக் கிடந்ததா, மல்லாந்து கிடந்ததா என்பதை. மல்லாந்து கிடந்தால் மூன்று ஐப்பசி, கார்த்திகை மழையும் அதற்குள்தான் பெய்திருக்கிறது. அடுத்து, தளப்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். "எதுக்குங்க, அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கழற்ற மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பலாம்.

பலகையை எடுத்ததும் சேற்றை வழித்துக் கழுவுங்கள். ஆங்காங்கே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். நைலான் பிரஷால் தேய்த்து எடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம்; அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் தகட்டில் பதிந்து புது அரிப்பைத் தொடங்கிவைக்கும். பொடி போன இடத்தில் குழி தெரியும். சாக்கு தைக்கும் கோணி ஊசியை ஒவ்வொரு குழியிலும் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல தகட்டில் ஊசி வழுக்கும். சதக்கென்று இறங்கினால் அங்கே உலோகம் இல்லை, பொடிதான் இருக்கிறது. இந்த அளவுப் படகில் தகடு பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மி.மீ. தடிமன்தான். குழி தள்ளித் தள்ளி, ஆழம் குறைவாக இருந்தால் பாதகமில்லை. அம்மைத் தழும்பு மாதிரி நெருக்கமாக இருந்தால், அல்லது பாதித் தகட்டுக்கு மேல் இறங்கியிருந்தால், எந்த விலைக்கும் வேண்டாம். அதை ஒட்டுப்போட்டு மீட்க முடியாது; இன்று ஒன்றை அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்தில் ஒன்று திறக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. இருட்டிய பிறகு படகைக் கவிழ்த்து உள்ளே டார்ச்சை வைத்து, வெளியிலிருந்து பாருங்கள். ஊசித் துளைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும்.

அடிப்பாகம் தேறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது அமரத்தில் (படகின் பின்முனையில்) மோட்டார் மாட்டும் பின்பலகை. அலுமினியப் படகு என்றாலும் அங்கே தகட்டுக்கு நடுவில் பிளைவுட்தான் இருக்கும். போல்ட் துளை வழியாக ஈரம் இறங்கி அது மக்கிப்போயிருப்பது பழைய படகுகளில் சாதாரணம். நாலடிச் சட்டம் ஒன்றை கிளாம்ப் போட்டு மோட்டார் உட்காரும் இடத்தில் இறுக்கி, கீழ் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பலகை கூடவே வளைந்தாலோ, மூலை ரிவெட்டுகளில் இடைவெளி திறந்து மூடினாலோ உள்ளே மரம் செத்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று கேட்கும், மக்கினது 'பொத்' என்று கேட்கும்.

பின்பலகை போயிருந்தால் பதற வேண்டாம், விலை பேச அதுதான் நல்ல பிடி. பழையதை உடைக்காமல் கழற்றினால் அதுவே அச்சு. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் அதே வடிவில் இரண்டு துண்டு வெட்டி எப்பாக்ஸி பசையால் ஒன்றாக ஒட்டினால் 36 மி.மீ. வரும். பழைய பலகையின் தடிமனை அளந்துகொண்டு இதைச் செய்யுங்கள். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று தாராளம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பிளைவுட்டில் பூச்சி, பூஞ்சை வராமலிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். அந்த மருந்துகள் சிலவற்றில் செம்பு கலந்திருக்கும். ஈரத்தில் செம்பு கசிந்து அலுமினியத்தைத் தொட்டால் பக்கத்தில் இருக்கும் தகட்டை அரித்துவிடும். அதனால் பலகையின் ஆறு முகத்துக்கும், விளிம்புக்கும் எப்பாக்ஸி மூன்று கோட். போல்ட் துளையைப் பெரிதாகப் போட்டு எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைக்க வேண்டும். போல்ட் 316 ஸ்டெயின்லெஸ், அடியில் நைலான் வாஷர். இதே செம்புக் கணக்குத்தான் பித்தளைக் குழாய்க்கும், ஃபைபர், மரப் படகுகளின் அடியில் பூசுகிற செம்பு கலந்த பெயின்டுக்கும். படகின் அடியில் யாராவது அந்த பெயின்டைப் பூசியிருந்தால் சுரண்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ரிவெட் ஒழுகுவதைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். உண்மையில் இது சின்ன வேலை. படகின் ஏராவுக்கும் (அடியில் நெடுக ஓடும் முதுகெலும்புக்கும்) இரண்டு பக்கத்துக்கும் மணல் மூட்டை அண்டக் கொடுத்து, உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நாலு விரலே ஏறத்தாழ 300 கிலோ. அண்டக் கொடுக்காமல் விட்டால் நல்ல ரிவெட்டும் இளகும். அரை மணி கழித்து வெளியே குனிந்து, வேர்த்து நிற்கும் ரிவெட்டை எல்லாம் மார்க்கரால் வட்டமிடுங்கள். பத்துப் பதினைந்து இருந்தால் கவலையில்லை. வெளியே ஒருவர் கனமான இரும்புக் கட்டியை ரிவெட் தலையில் அழுத்திப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் அரைக் கிலோ சுத்தியலால் நாலைந்து அடி கொடுத்தால் இறுகிவிடும். துளை பெரிதாகிப்போனால் ஒரு அளவு கூடுதலான ரிவெட். இதற்குப் படகுப் பட்டறையைத் தேடி அலைய வேண்டாம், கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களுக்கு இது அன்றாட வேலை. அங்கே பழகிய ஆள் நம் பக்கத்து ஊர்களிலும் அகப்படுவார். ஆனால் ஏரா நெடுக ஒரே வரிசையில் ஒழுகினால் அது வேறு விஷயம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பகுதியைப் புரட்டிப்போட்டது. அதில் அடிபட்டு நிமிர்த்தின படகாகக்கூட இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

விரிசல் இருந்தால் குறுக்குப் பலகையின் முனைகளிலும், வங்கு (விலா எலும்பு மாதிரி உள்ளே நிற்கும் சட்டம்) ஏராவோடு சேரும் இடத்திலும், பின்பலகை மூலையிலும்தான் வரும். சந்தேகமான இடத்தில் வெளிப்பக்கம் சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே துணியால் மண்ணெண்ணெய் தடவுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் கருங்கோடு இழுக்கும். (சாக்பீஸுக்குப் பதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்துவிடாதீர்கள், எதற்குப் பயந்து பார்க்கிறோமோ அதையே பூசினதாகிவிடும்.) விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு தகடு ஒட்டு: சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து ரிவெட். புளிக்காடி வாசம் வரும் சிலிக்கான் வேண்டாம், அந்தப் புளிப்பே அலுமினியத்தைத் தின்னும். எம்சீல், சிமென்ட் பற்று இருந்தால் பெயர்த்துப் பாருங்கள், அதன் அடியில்தான் விற்கிறவர் மறைத்தது இருக்கும். ஆர்கான் வெல்டிங்குக்குத் திருச்சி துவாக்குடிப் பக்கம் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். என்றாலும் இவ்வளவு மெல்லிய, உப்பு ஊறிய பழைய தகட்டில் வெல்டிங் கடைசி வழி. சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் இளகும். பலகைக்கு அடியில் ஃபோம் இருந்தால் அதை எடுக்காமல் தீ வைக்கவே கூடாது.

அந்த ஃபோமைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவிழ்ந்தாலும் மூழ்காமலிருக்க உட்காரும் பலகைக்கு அடியில் வைப்பது. வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் தண்ணீர் குடித்து, படகைக் கீழே இழுக்கும். கண்டுபிடிக்க வழி எளிது. நெல் மூட்டை எடை போடும் தராசில் அணியத்தை (முன்முனையை) மட்டும் வைத்து, மறுமுனையைத் தரைமட்டத்தில் தாங்கவைத்து எடை பாருங்கள். பிறகு அமரத்தை வையுங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. 14 அடி ரிவெட் படகு மோட்டார் இல்லாமல் நூறு கிலோ சுமாருக்கு இருக்கும். நூற்றைம்பதைத் தாண்டினால் மிச்சம் தண்ணீர். மாற்றும்போது தெர்மாகோல் வைக்காதீர்கள், பெட்ரோல் சிந்தினால் சர்க்கரை மாதிரி கரைந்துபோகும்.

அதே எடையை வைத்து விலையும் பேசலாம். பழைய இரும்புக் கடையில் அன்றைய அலுமினிய விலையைக் கேட்டு உலோக எடையோடு பெருக்குங்கள். அந்தத் தொகைக்குக் கீழே விற்கிறவர் இறங்க மாட்டார், அதுதான் அடிவிலை. மேலே கேட்பது முழுக்கப் படகின் நிலைமைக்கான பணம். பின்பலகை போயிருந்தால் பிளைவுட், எப்பாக்ஸி, இரண்டு ஆள் கூலி, ரிவெட் வேலை இவ்வளவையும் 55,000-லிருந்து கழித்துச் சொல்லுங்கள். பின்பலகையும் ஃபோமும் சேர்ந்து போயிருந்தால் அடிவிலைக்குக் கொஞ்சம் மேலே தந்தால் போதும்.

மச்சான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெல்லாம் ஃபைபர் படகு நிறைந்துவிட்டது. ரெசினும் கண்ணாடி நார் மேட்டும் எந்தக் குப்பத்திலும் கிடைக்கும், ஒட்டுப்போட ஆளும் உண்டு. லகூனைத் தாண்டி முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிற எண்ணம் இருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். 14 அடி மெல்லிய தகட்டுப் படகு அலைக்கானது இல்லை. முழங்கால், இடுப்பளவுத் தண்ணீரில், சேற்றில் தள்ளி, ஆளுக்கொரு பக்கம் தூக்கி வைக்கிற தொழிலுக்கு அலுமினியத்தின் லேசு வசதியானது. ஒன்று மட்டும்: வெயில் காலத்தில் லகூனில் உப்பு ஏறிக் கிடக்கும். தொழில் முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, மரக்கட்டை மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். தண்ணீரிலேயே கட்டிப்போடுவதானால் அலுமினிய ஆனோடு (தகட்டுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் உலோகக் கட்டி) ஒன்று மாட்டுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நன்னீராகும்போது துத்தநாக ஆனோடு மேலே ஏடு கட்டி வேலை செய்யாமல் நின்றுவிடும். கொட்டலசு (பார்னக்கிள்) ஒட்டினால் மரக்கரண்டியால் சுரண்டுங்கள், அரிவாள் வேண்டாம்.

காகிதம்: பண்ணைப் படகுக்கு மீன்பிடிப் பதிவு இருந்திருக்க வாய்ப்பு குறைவு. முன்பணம் தருமுன் உங்கள் பகுதி மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில், இந்தப் படகை உங்கள் பெயரில் பதிய என்ன கேட்பார்கள் என்று விசாரியுங்கள். விற்பவரிடம் அளவு, அடையாளம், தொகை போட்டுக் கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள். அலையாத்திக் காடு வனத்துறையின் காப்புக்காடு என்பதை நீங்களே அறிவீர்கள். மோட்டார் வைத்து எதுவரை போகலாம் என்பதையும் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டாரைத் தனியாகப் பாருங்கள், படகோடு சேர்த்து விலை பேசாதீர்கள். கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றிச் சொட்டு எண்ணெய் எடுங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரம் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, பின்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக டேப் வைத்து அளக்க வேண்டியது தண்டின் நீளம். பின்பலகை உயரம் 15 அங்குலமாக இருந்து, மோட்டார் 20 அங்குலத் தண்டாக இருந்தால், உங்கள் லகூனில் அந்தக் கூடுதல் ஐந்து அங்குலமும் சேற்றைத்தான் உழும்.