தொங்கிப்போன த்ரெட்டை கோட்லயே கொல்லலாமா?

கேள்வி: ஜாவால எழுதின பில்லிங் சர்வீஸ், 20 த்ரெட் (ஒரே நேரத்துல தனித்தனியா வேலை பாக்குற ஓட்டங்கள்) இருக்கிற பூல். ரெண்டு நாள்ல எல்லா த்ரெட்டும் தொங்கிடுது. சிபியூ சும்மாதான் இருக்கு, எர்ரரும் வரல. அதனால தினமும் ராத்திரி ரீஸ்டார்ட் பண்றோம். தொங்குற த்ரெட்டை மட்டும் கொல்ல வழி இருக்கா? வெண்டார் பூலை 200 ஆக்கிட்டு பெரிய சர்வர் வாங்க சொல்றாரு.

பதில்: கொல்ல முடியாதுங்க. த்ரெட் ஸ்டாப்னு ஒண்ணு இருந்துச்சு, 1998லயே அதைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டாங்க, ஏன்னா பாதி வேலைல வெட்டினா பிடிச்சிருந்த லாக் (ஒரு டேட்டாவை ஒரு நேரத்துல ஒரு த்ரெட் மட்டும் தொடறதுக்கான பூட்டு) எல்லாத்தையும் விட்டுடும், அரைகுறையா எழுதின டேட்டாவை அடுத்த த்ரெட் சரின்னு நம்பி எடுத்துக்கும், பில்லிங்ல இது நடந்தா யார் பணம் போகும்? ஜாவா 20ல இருந்து அதைக் கூப்பிட்டாலே எக்செப்ஷன்தான் வரும்.

ஃபியூச்சர் கெட்ல, அதாவது வேற த்ரெட் செய்யிற வேலையோட பதிலுக்குக் காத்திருக்கிற இடத்துல, டைம்அவுட் வச்சா போதும்னு நெறைய பேர் நம்பி ஏமாறுறாங்க. அதுல காத்திருக்கிறதை நிறுத்துறது நீங்கதான், த்ரெட் உள்ள அப்படியே கெடக்கும். கேன்சல் பண்ணி இன்டரப்ட் (நிறுத்துன்னு சொல்ற சிக்னல்) அனுப்பினா ஸ்லீப்ல இருக்கிற த்ரெட் எழுந்துக்கும், சாக்கெட்ல (நெட்வொர்க் இணைப்புல) பதிலுக்கு உக்காந்திருக்கிறது கண்டுக்கவே கண்டுக்காது.

உங்களுக்கு அனேகமா அதான் நடக்குது. ஜாவா கூடவே வர்ற எச்டிடிபி யூஆர்எல் கனெக்ஷன்ல (வேற சர்வரை வெப் வழியா கூப்பிடுற வசதி) நீங்க டைம்அவுட் குடுக்கலேன்னா அது 0, அதாவது முடிவே இல்லாம காத்திருக்கும். கனெக்ட் (இணைப்பு கிடைக்கிறது), ரீட் (பதிலைப் படிக்கிறது) ரெண்டுக்கும் தனித்தனியா வைங்க, டேட்டாபேஸ் கொயரிக்கும் வைங்க.

ஒரு விஷயம் மட்டும் கவனமா கேளுங்க. ரீட் டைம்அவுட் 10 செகண்டுன்னா மொத்தமே 10 செகண்டுல முடிஞ்சிடும்னு அர்த்தமில்ல, ஒவ்வொரு ரீடுக்கும் தனியா 10 செகண்டு. எதிர்ப்பக்கம் 9 செகண்டுக்கு ஒரு பைட்னு சொட்டு சொட்டா அனுப்பினா டைம்அவுட் அடிக்கவே அடிக்காது, த்ரெட் மணிக்கணக்கா மாட்டிக்கும். அதுக்கு இன்னொரு த்ரெட்ல கடிகாரம் வச்சு, கெடு தாண்டினதும் அந்த சாக்கெட்டையே க்ளோஸ் பண்ணுங்க, மாட்டினது எக்செப்ஷனோட வெளிய வந்துடும்.

வெண்டார் பேச்சைக் கேக்காதீங்க. 20 த்ரெட் ரெண்டு நாள்ல தீருதுன்னா 200 த்ரெட் இருபது நாள்ல தீரும், அதுக்குள்ள அவர் பில் பாஸ் ஆயிருக்கும். சர்வர் வாங்க ஒரே மெயில்ல அப்ரூவல் குடுக்கிற மேனேஜர்கள், கோடைப் பாக்க ரெண்டு நாள் கேட்டா குடுக்க மாட்டேங்கிறாங்க, எத்தனை வருஷமா இதையே பாக்குறேன்!

இன்னிக்கு ராத்திரி ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஜேஸ்டாக்ங்கிற ஜாவா கருவியை வச்சு 10 செகண்டு இடைவெளியில மூணு டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரில நிக்குதுன்னு காட்டுற பட்டியல்) எடுங்க, ரீஸ்டார்ட் பண்ணிட்டா தடயமே போயிடும். மூணுலயும் அதே த்ரெட்டுங்க சாக்கெட் ரீட்ல அதே வரில நின்னா, அதுக்கு கீழ உங்க கோடோட எந்த வரி இருக்குன்னு பாருங்க, டைம்அவுட் விட்டுப்போன இடம் அதுதான்.