வீட்டை அடகு வைக்காதீர்கள்

மகளுக்குத் தமிழ் இலக்கணமும் கணினியும் பிடிக்கும். உங்கள் அண்ணனோ கடன் வாங்கியாவது செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் சேர்க்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனாலும் அதற்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். தவணை கட்டப்போவது அண்ணன் அல்ல. அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தை வாங்கி, வழக்கமான கணினி அறிவியல் பாடத்திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பெயர்ப்பலகைக்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நுழைவுத் தேர்வு, கல்லூரி வரிசை பற்றி ஊரே சொல்லும். ஊர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: எல்லோரும் சேர்ந்து உருவாக்கும் ஒரு மென்பொருளில் உங்கள் மகளும் பங்களிக்கலாம்.

திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் என்விடிஏ (NVDA) ஓர் இலவச மென்பொருள். அதன் மூலநிரல், அதாவது அதை எழுதிய நிரல், எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 2006-இல் அதைத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர். விரைவில் அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டே என்பவரும் அப்படியே. மென்பொருளின் பெரும்பகுதி பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதனுடன் வரும் எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் என்ஜி (eSpeak NG) என்ற குரல்பொறி தமிழும் பேசும்; அதன் உச்சரிப்பு விதிகள் சாதாரண உரைக் கோப்புகளில் இருக்கின்றன. 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ககரம்தான், ஒலி மூன்று விதம். முன்னும் பின்னும் எந்த எழுத்து வந்தால் எந்த ஒலி என்று கணினிக்கு விதி எழுத வேண்டும். இலக்கணம் பிடித்த பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்று மாலையே தொடங்கலாம். என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, அவள் தினமும் போகும் ஓர் இணையதளத்தை டேப் விசையால் மட்டும் சுற்றிவரச் சொல்லுங்கள். தளத்தை உருவாக்கியவர் பொத்தானுக்குப் பெயரிடாத இடங்களில் வெறும் 'பொத்தான்... பொத்தான்' என்றே கேட்கும். எந்தப் பதிப்பு, எந்த விசை, என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என நான்கையும் குறித்துக்கொள்ளட்டும். கோளாறு இணையதளத்தினுடையது என்றால் அதை நடத்துபவருக்கும், மென்பொருளினுடையது என்றால் அதை உருவாக்கும் திட்டக் குழுவுக்கும் எழுதட்டும். ஏற்கெனவே யாராவது தெரிவித்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது அவசியம். ஒழுங்காக எழுதிய பிழை அறிக்கையே முதல் பங்களிப்பு. பிறகு நிரலிலோ உச்சரிப்பு விதியிலோ சிறு திருத்தம் செய்து அனுப்பினால், குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மீண்டும் திருத்தி அனுப்ப வேண்டும். அந்தப் போக்குவரத்து முழுவதும் பொதுவில் பதிவாகி நிற்கும். மதிப்பெண் பட்டியலைவிட அதை ஆர்வமாகப் படிக்கும் நிறுவனங்கள் உண்டு.

பள்ளியின் கணினி ஆசிரியரிடமும் தமிழாசிரியரிடமும் பேசுங்கள். யாரும் படிக்காத செய்முறைப் பதிவேட்டுக்குப் பதிலாக இதையே செயல்திட்டமாக வைக்கலாம். ஆனால் திருத்தங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போட வேண்டாம். வகுப்பு முழுவதும் ஒற்றைப் புள்ளியை மாற்றி அனுப்பினால் அவதிப்படுவது அந்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள். பார்வையற்ற பயனர் ஒருவரிடம் கேட்காமல் 'இது வசதி' என்று முடிவுகட்டவும் கூடாது.

இதில் உடனே பணம் வராது. ஜேம்ஸ் டே பின்னாளில் ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவில் இதே துறையில் வேலைக்குச் சேர்ந்தார் என்பது உண்மை. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் இதற்குக் கடன் தேவையில்லை. கட்டணம் குறைந்த கல்லூரியில் கணினி அறிவியலோ மொழியியலோ படித்துக்கொண்டே செய்யலாம். எது என்பதை அவளிடம் கேளுங்கள், அண்ணன் பக்கத்தில் இல்லாதபோது.