வீட்டை விற்பதற்கு முன் அலங்காரம்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 64. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஐந்து சென்ட் மனையில் என் கணவர் 1997-ல் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகன் கோவையில், மகள் நெய்வேலியில். வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்க முடிவு செய்திருக்கிறேன். இப்படியே விற்றால் 60 லட்சம், உள் அலங்காரம் செய்து காட்டினால் 65 லட்சம் என்கிறார் தரகர். அவர் அழைத்துவந்த அலங்கார நிபுணர் ஃபால்ஸ் சீலிங் 1,35,000, வால்பேப்பர் 60,000, சர விளக்கு முதலான விளக்குகள் 55,000, சோபா, திரைச்சீலை, செயற்கைச் செடிகள் 90,000 என மொத்தம் 3,40,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறார். ஹாலின் வடக்குச் சுவரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும்; அதை வால்பேப்பர் மறைத்துவிடுமாம். என் சேமிப்பில் 1 லட்சம் இருக்கிறது. மீதிக்கு நகையை வைக்கலாமா? ஹாலில் மாட்டியிருக்கும் என் கணவரின் படத்தையும் பழைய தேக்கு ஊஞ்சலையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். மனம் வரவில்லை.

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும், அம்மா. வீட்டை அழகாக்குங்கள், கட்டாயம் அழகாக்குங்கள். ஆனால் அதற்கு உங்கள் சேமிப்பில் பாதிக்குச் சற்று மேலே போதும்.

முதலில் தரகரின் வாக்கை அப்படியே நம்பி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடு 65 லட்சத்துக்கே போகிறது. கூடுதலாக 5 லட்சம் கிடைக்கிறது. தரகு 2% என்றால் அதில் 10,000 போகும். மீதி 4,90,000 ரூபாய் உங்கள் மூலதன ஆதாயத்தில், அதாவது சொத்தை விற்றதில் வரும் லாபத்தில் சேரும். அதற்கு 12.5% வரியும், வரியின் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 13%, அதாவது 63,700 ரூபாய். அலங்காரச் செலவு 3,40,000. நகைக் கடன் 2,40,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10% வட்டி என்று வைத்து, வீடு கைமாற எட்டு மாதம் ஆனால் வட்டி 16,000. எல்லாவற்றையும் கழித்தால் கையில் நிற்பது 70,300 ரூபாய். வாங்குபவர் பேரம் பேசி 64 லட்சத்தில் முடித்தாலோ, அந்த 70,300-ம் போய் ஏறக்குறைய 15,000 ரூபாய் நஷ்டம். ஒரு லட்ச ரூபாய் பேரத்தில் லாபம் நஷ்டமாக மாறும் ஒரு காரியத்துக்காக நீங்கள் தாலிக்கொடியையோ வளையலையோ கொண்டுபோய்க் கவுண்டரில் வைக்க வேண்டியதில்லை.

அலங்காரச் செலவை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். வீட்டில் நிலையாகச் செய்த மேம்பாடுகளுக்குத்தான் அந்தச் சலுகை. கூடுதலாகக் கட்டிய அறை, எழுப்பிய சுற்றுச்சுவர் போன்றவை. சோபாவும் திரைச்சீலையும் அதில் வராது. வழக்கமான பெயிண்டும் பழுதுபார்ப்பும் பொதுவாக வராது. ஃபால்ஸ் சீலிங்குக்குப் பில் வைத்து ஆடிட்டர் வாதாடலாம். அவர் வென்றாலும் 1,35,000-க்கு மிச்சமாவது சுமார் 17,500 ரூபாய்தான். மீதி உங்கள் பணம்.

இப்போது வாங்குபவரின் பக்கம் போய் நின்று பாருங்கள். இந்த விலைக்கு வாங்குபவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குவார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் மனைக்கு ஒரு விலை போடுவார். கட்டடத்துக்கு வயதைக் கழித்து ஒரு விலை போடுவார். சர விளக்குக்கும் செயற்கைச் செடிக்கும் அவருடைய படிவத்தில் இடமே கிடையாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் அதிகபட்சம் 80% வரைதான் வங்கி கொடுக்கலாம். மதிப்பீடு 60 லட்சம் என்றால் கடன் 48 லட்சம். நீங்கள் 60 லட்சத்துக்கு விற்றால் அவர் கையிலிருந்து 12 லட்சமும், முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2% என 5,40,000 ரூபாயும் போட வேண்டும். 65 லட்சம் என்றால் கடன் அதே 48 லட்சம்தான். அவர் 17 லட்சமும் 5,85,000 ரூபாயும் புரட்ட வேண்டும். உங்கள் விலையில் ஏறிய 5 லட்சம் அவர் கைக்காசில் 5,45,000 ரூபாயாக ஏறுகிறது. வால்பேப்பரைப் பார்த்து அவ்வளவு பணம் எடுத்துவைப்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஓதத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தது அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டைப் பார்க்க, வாங்குபவர் தரப்பில் நானும் போயிருந்தேன். கார்த்திகை மாதம், முந்தின இரவு நல்ல மழை. ஹாலில் பழுப்பு நிறத்தில் மூங்கில் இலை போட்ட வால்பேப்பர், பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாங்க வந்த தம்பதியில் அந்த அம்மாள் எதுவும் பேசாமல் சுவரோரமாக நடந்துகொண்டே போனார். ஜன்னலுக்குக் கீழே ஓர் இடத்தில் தாள் லேசாக உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். தாளுக்குப் பின்னால் உப்புப் பூத்த பூச்சு பொரபொரவென்று சரிந்து இறங்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. விரலை எடுத்தபோது தாளில் குழி விழுந்து, அதன் ஓரத்தில் ஈரம் கசிந்தது. அவர் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "மாடியைப் பார்க்க வேண்டாம், கிளம்பலாம்" என்றார். அந்த வீட்டில் வேறு குறை எதுவும் இருந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மறைத்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டவர், மறைக்காதவற்றையும் நம்பமாட்டார்.

கடலூரில் வீடு வாங்க வருபவர் சமையலறை மேடையைப் பார்ப்பதற்கு முன் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்தது என வரிசையாகக் கேட்பார். "2015-ல் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது?" என்ற கேள்விக்கு நேரான பதிலைத் தயாராக வைத்திருங்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-லேயே இதற்கு விதி இருக்கிறது: வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஓதச் சுவரைத் தாள் ஒட்டி மூடுவது அந்தக் கடமைக்கு நேர் எதிரானது. நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் கோவைக்கு வந்தால், தரகரும் அலங்கார நிபுணரும் கூட வந்து நிற்கமாட்டார்கள்.

ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே கொத்தனாரை அழைத்து, மொட்டை மாடியில் தட்டோட்டு இணைப்புகளையும் கைப்பிடிச் சுவர் விரிசலையும் அடையுங்கள். வடக்குச் சுவரில் கெட்ட பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். மழைநீர் குழாய் அந்தச் சுவரோரம் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பாதி ஓதத்துக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இதற்கு 22,000 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டை மட்டும் இப்போது அடிக்காதீர்கள். மழைக்காலம் முழுவதும் சுவர் அப்படியே நிற்கட்டும். மழை தாங்கிய சுவரா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் பங்குனிக்குள் உரிந்துவிடும் என்பதும் ஒரு காரணம். மார்கழிக் கடைசியில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வாசல் பக்கத்துக்கும் ஹாலுக்கும் மட்டும் வெளிர் நிறம் அடித்தால் 18,000-க்குள் முடியும். தையில் வீட்டைக் காட்டலாம். மார்கழியில் முன்பணம் கொடுக்க நம் ஊரில் யாரும் வரமாட்டார்கள், ஆகவே காத்திருப்பதால் உங்களுக்கு இழப்பு இல்லை.

கிரில் கேட்டை விட்டுவிடாதீர்கள். கடற்காற்றில் அடிக்கம்பிகள் துருப்பிடித்திருக்கும். வீட்டுக்கு வருபவரின் கை முதலில் படுவது அங்கேதான். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் அடிக்க 4,500 ரூபாய். மங்கிய குழல் விளக்குகளை மாற்றி மஞ்சள் சாயல் எல்.இ.டி. பல்புகளும் உடைந்த சுவிட்சுகளுக்குப் புதியனவும் போட 3,500 ரூபாய்.

அலங்காரத்துக்கு மீதி 7,000 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் இதில் நான் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன்: வாங்கும் பொருள் எதுவானாலும் உங்களோடு கோவைக்கு வரக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படி வாங்கினால் வீடு என்ன விலைக்குப் போனாலும் அந்தப் பணம் வீணாகாது. மகளோடு ஒரு நாள் புதுச்சேரி பக்கம் போய்வாருங்கள். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வாசல்படிக்கு இரண்டு பக்கமும் வைக்க இரண்டு பெரிய சுடுமண் தொட்டிகள் வாங்குங்கள். அவற்றில் உங்கள் தோட்டத்துத் துளசியும் குரோட்டன்ஸும் போதும், செயற்கைச் செடி வேண்டாம். ஹால் அலமாரியில் ஒரு தட்டை மட்டும் காலி செய்து காகிதக்கூழ் பொம்மைகள் இரண்டு வையுங்கள். மற்றத் தட்டுகளில் இருக்கும் மருந்துப் பெட்டி, பழைய காலண்டர், பத்திரிகைக் கட்டு எல்லாம் உள்ளே போகட்டும். கனத்த பழைய திரைகளைக் கழற்றிவிட்டு மெல்லிய பருத்தித் திரை போடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினால் ஹாலில் பகல் வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியும். காலையில் காட்டுங்கள். அன்று வாசலில் கோலம் இருக்கட்டும், பரணில் அந்துருண்டை வாசனை இருக்க வேண்டாம்.

இவ்வளவும் சேர்ந்து 55,000 ரூபாய். இதனால் விலை 65 லட்சமாகும் என்று நான் சொல்லமாட்டேன். வீடு பார்க்க வருபவர்களில் அதிகம் பேர் இரண்டாம் முறை வருவார்கள், பேரத்தில் ஓதத்தையும் துருவையும் காட்டி விலையைக் குறைக்க அவர்களுக்கு வாய்ப்பு இருக்காது. உங்கள் சேமிப்பில் 45,000 மிச்சம் இருக்கும். சாமான்களைக் கோவைக்கு ஏற்ற அது தேவைப்படும்.

கணவரின் படத்தை எடுக்க வேண்டாம். அந்தப் படத்தால் விலை குறைந்ததாக எந்தப் பேரத்திலும் நான் கேட்டதில்லை. பெயிண்ட் அடிக்கும்போது இறக்கித் துடைத்து, அதே ஆணியில் மாட்டுங்கள்.

அவர் பெயரில்தான் வீடு இருக்கிறது என்றால் பத்திர வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். அலங்காரத்தைவிட இது அவசரம். உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மாமியார் இருந்தால் அவருக்கும் உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், பட்டா பெயர் மாற்றம், புதிய வில்லங்கச் சான்று, மாநகராட்சி வரி ரசீது எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். எல்லா வாரிசுகளும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பிள்ளைகள் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பங்காக விற்றால் வரியும் அவரவர் கணக்கில் பிரியும். 1997-ல் கட்டிய வீடு என்பதால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக, அதாவது விற்ற விலையிலிருந்து கழிக்கும் தொகையாக எடுத்துக்கொள்ளலாம். 23.7.2024-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், அந்த அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி 20% வரி போடும் முறையிலும் கணக்கிட்டு, அதுவும் 12.5% முறையும் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 மதிப்புச் சான்று வாங்கக் கொடுக்கும் பணம், சர விளக்கைவிடப் பல மடங்கு திரும்பி வரும். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் வாங்குபவர் 1% வரி பிடித்துக் கட்டுவார், அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும்.

கடைசியாக ஊஞ்சல். அதைக் கழற்றச் சொன்னது எனக்குப் புரியவே இல்லை. 60,000 ரூபாய் வால்பேப்பர் தர முடியாத களையைத் தேக்குப் பலகையும் பித்தளைச் சங்கிலியும் ஹாலுக்குத் தருகின்றன. புளி போட்டுச் சங்கிலியைத் துலக்குங்கள், பலகைக்கு எண்ணெய் தடவுங்கள், வீடு பார்க்க வருபவரை அதிலேயே உட்காரச் சொல்லுங்கள். உட்கார்ந்து ஆடியவர்கள் அதையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். ஆகவே கிரய ஒப்பந்தத்தில் வீட்டோடு போகும் பொருள்களின் பட்டியல் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்: மின்விசிறிகள், மோட்டார், தண்ணீர்த் தொட்டி, விளக்குகள். அதற்குக் கீழே, ஊஞ்சல் பலகையும் சங்கிலியும் விற்பனையில் சேராது என்று தனி வரியாக எழுதி, இரண்டு தரப்பும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு முன்பணத்தை வாங்குங்கள்.