கணக்கு நன்றாக வரும், அதை வைத்து ஊழியம் செய்ய முடியுமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பாட வராது, பிரசங்கம் வராது, கணக்கு மட்டும் நன்றாக வரும். ஒரு ஊழியக்காரர், வேலையை விட்டுவிட்டுத் தன் டிரஸ்டில் சேரச் சொல்கிறார். பயிற்சிக் கட்டணம் கட்டினால் ஊழியர் அபிஷேகமும் டாக்டர் பட்டமும் உண்டாம். வெளிநாட்டுக் காணிக்கை கொஞ்ச நாள் என் வங்கிக் கணக்கில் வரட்டும் என்கிறார். சேரலாமா?"

சேராதீர்கள் சகோதரி. வேலையையும் விடாதீர்கள்.

கணக்கெல்லாம் ஒரு வரமா என்று தயங்குகிறீர்கள். எருசலேம் ஏழைகளுக்காகச் சபைகள் சேர்த்த பணத்தைப் பவுல் தனி ஆளாகக் கையாளவில்லை, யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாதென்று சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் கூட வைத்துக்கொண்டார். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள். அந்த அக்கறை இன்று எத்தனை சேகரங்களில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில், இருக்கிறது? பாடகர் குழுவுக்கு ஆள் வேண்டுமென்று வாராவாரம் அறிவிப்பு வாசிக்கிறோம், காணிக்கை எண்ண மட்டும் கமிட்டித் தேர்தலில் ஜெயித்த அதே நாலு பேர். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அந்த டிரஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்குப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், அந்தப் பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் டிரஸ்ட் பெயரில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். உங்கள் சேமிப்புக் கணக்கில் வாங்கினால் நாளைக்கு விசாரணையில் போய் நிற்பது நீங்கள்தான். பான், ஆதார் நகல், கையெழுத்துப் போட்ட செக் எதையும் கொடுக்காதீர்கள், டிரஸ்டியாகவும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம் அந்த டாக்டர் பட்டம். பட்டம் கொடுக்கச் சட்டப்படி அதிகாரம் வேண்டும். வங்காளத்தில் இறையியல் பட்டம் கொடுக்கிற செராம்பூர் கல்லூரிக்கு 1918-லேயே அதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். கல்யாண மண்டபத்தில் அங்கி மாட்டி, போட்டோ எடுத்துக் கையில் கொடுக்கும் காகிதம் பட்டம் ஆகாது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அப்படியென்றால் முழுநேர ஊழியத்துக்கே போகக் கூடாதா? போகலாம், முறையான சங்கம் என்றால். 1903-ல் நம் திருநெல்வேலியிலேயே தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் போன்றவை இருக்கின்றன, எந்தச் சங்கத்துக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும். ஆனால் எதில் சேர்வதாக இருந்தாலும் சிலது கேளுங்கள். உங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், கடிதம் வாங்கி வரச் சொல்கிறார்களா, வீட்டாரிடம் பேசுகிறார்களா, சம்பளத்தை எழுத்தில் தருகிறார்களா, போன வருட ஆடிட் அறிக்கையைக் கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்களா? ஒன்றில் மழுப்பினாலும் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு வருடம் லீவு நாட்களில் போய் உதவிவிட்டு அப்புறம் ஜெபித்து முடிவெடுங்கள்.

இப்போதைக்கு இந்த வாரமே ஐயரைப் பார்த்து, கேஷ் புக் எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமையே வங்கியில் கட்டிச் சலானை ஒட்டி வைக்க வேண்டும். "பார்க்கலாம்மா" என்று அவர் தள்ளிப்போட்டால் காத்திருக்காதீர்கள். முதியோர், விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடத் தெரியாமல் தரகரிடம் காசைக் கொடுத்துவிட்டு அலைகிற பாட்டிமார் உங்கள் சபையிலேயே இருப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவர்களோடு உட்காருங்கள், ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல விண்ணப்பங்கள் அதனால்தான் திரும்பி வருகின்றன.