ஹ்மாங் மொழியில் கடைசி எழுத்தை வாசிக்காதீர்கள்

கேள்வி: மினசோட்டாவில் செயின்ட் பாலில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் ஹ்மாங் (லாவோஸ், தென்சீனா பக்கத்து மலைவாழ் இனம்) அக்கா ஒருவர் அவர்கள் மொழியைச் சொல்லித் தருகிறார். புத்தகத்தில் சொல்லின் கடைசியில் பி, எஸ், எம் என்றெல்லாம் இருக்கிறது, அவர் அதை உச்சரிப்பதே இல்லை. நான் "பாட்டி" என்றால் அவருக்கு "முள்" என்று கேட்கிறதாம். எப்படிப் பழகுவது?

பதில்: அந்த எழுத்து ஒலி இல்லை, தொனிக்கான அடையாளம். தொனி என்பது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரலின் ஏற்ற இறக்கம். 1950களின் தொடக்கத்தில் லாவோஸில் மிஷனரிகள் சேர்ந்து உருவாக்கிய ரோமன் எழுத்துமுறை அது. ஹ்மாங் சொல் உயிரொலியிலோ மூக்கொலியிலோதான் முடியும், அதனால் காலியாகக் கிடந்த கடைசி இடத்தைத் தொனிக்குக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளை ஹ்மாங் என்ற கிளைமொழியில் "பொ" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பி போட்டால் உயர்ந்த தொனி, உருண்டை. வி போட்டால் மேலே ஏறும், எறிவது. எதுவும் போடாவிட்டால் நடுத்தொனி, மண்ணீரல்.

இவை சீக்கிரம் பிடிபட்டுவிடும். சிக்கல் தாழ்ந்த தொனிகள் மூன்றில்தான்: எஸ் முள், ஜி அப்பாவைப் பெற்ற பாட்டி, எம் பார்ப்பது. இவற்றைப் பாட்டு மாதிரி ஏற்றி இறக்கிப் பழகினால் வரவே வராது, ஏனென்றால் வித்தியாசம் உயரத்தில் மட்டும் இல்லை, குரலின் தன்மையிலும் இருக்கிறது. எஸ் தாழ்வாக, சமமாக, தெளிவான குரலில் போகும். ஜி இறங்கிக்கொண்டே மூச்சுக் கலந்து வரும், பெருமூச்சு விடுகிறபோது பேசுவது போல. எம் தாழ்வாகத் தொடங்கி, குரல் கரகரத்து, தொண்டை அடைபட்டுச் சட்டென்று நிற்கும். உங்கள் பாட்டி முள்ளாவது மூச்சு போதாததால்தான்!

அதனால் முதலில் இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் சொல்லப்போகிறீர்கள் என்று அக்காவிடம் சொல்லாமல் மாற்றி மாற்றிச் சொல்லி, அவர் காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் யாருமே "சரி சரி" என்றுதான் தலையாட்டுவார்கள்.

அப்புறம், கேள்வி கேட்கும்போது வாக்கியத்தின் கடைசியில் குரலை உயர்த்தாதீர்கள், அந்தச் சொல்லின் தொனியே கெட்டுப்போகும். ஆமா, இல்லையா என்று கேட்க அவர்களிடம் "புஅ" என்று எஸ் தொனியில் ஒரு சொல் இருக்கிறது, வினைச்சொல்லுக்கு முன்னால் அதைப் போட்டாலே போதும்.