பாக்கெட்டின் முதுகைப் படியுங்கள்

கேள்வி: குளிர் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் இரவில் சூப் வேண்டும். நாங்கள் ஐந்து பேர். சூப் பவுடரில் எது கட்டுப்படியாகும்?

பதில்: எதுவும் ஆகாது. பாக்கெட்டைத் திருப்பி அதன் முதுகைப் படியுங்கள். எடை அதிகமான பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. முன்பக்கப் படத்தில் கேரட்டும் பட்டாணியும் கூடை வழியக் கிடக்கும். பின்னால் பார்த்தால் சோள மாவு, சர்க்கரை, உப்பு என்று பட்டியல் போகும். காய்கறி 'உலர்ந்த' என்ற அடைமொழியோடு வாலில் தொங்கும். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் ஒரு பாக்கெட்டைச் சல்லடையில் கொட்டிச் சலித்தேன். மேலே தங்கிய கேரட் துணுக்குகள் ஒரு தேக்கரண்டிக்குக்கூடத் தேறவில்லை. மாவுக்கும் உப்புக்கும் காய்கறி விலை கொடுத்திருக்கிறேன், அதுவும் பல வருடங்களாக! சூப் கட்டிகளும் இதே ரகம்தான். அவற்றில் முதலில் நிற்பது பெரும்பாலும் உப்பு.

பவுடருக்குப் பதில் மைசூர் பருப்பில் சூப் வையுங்கள். அதை ஊறவைக்கக்கூட வேண்டாம். ஒன்றரைக் கப் பருப்பு, ஆறு கப் தண்ணீர், ஒரு வெங்காயம், இரண்டு கேரட், நாலு பல் பூண்டு. சுமார் 20 நிமிடத்தில் பருப்பு தானாகக் கரைந்து கெட்டியாகிவிடும். உப்பும் மிளகும் கடைசியில். எந்தப் பவுடரும் இந்தக் கெட்டியைத் தராது.

கேள்வி: டின்னில் 400 கிராம் கொண்டைக்கடலை என்று போட்டிருக்கிறது. வடிகட்டி நிறுத்தால் 240 கிராம். மோசடியா?

பதில்: இல்லை. 'வடிகட்டிய எடை' என்று பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். அதை வைத்தே விலையை ஒப்பிடுங்கள். உலர்ந்த கடலை 100 கிராம் வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கும்.

கேள்வி: ஐந்து கிலோ ராஜ்மா வாங்கினேன். இரவு முழுவதும் ஊறவைத்து, மூன்று மணி நேரம் கொதிக்கவைத்தும் கல்லாக இருக்கிறது. கடைக்காரர், "உங்களுக்கு வேகவைக்கத் தெரியவில்லை" என்கிறார். பிள்ளைகள் பசியோடு தூங்கிவிட்டார்கள்.

பதில்: உங்களுக்கு நன்றாகத் தெரியும், அம்மா. சரக்குதான் பழையது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு இறுகிவிடும். பிறகு எவ்வளவு எரித்தாலும் மசியாது. நானும் ஒரு மூட்டை வாங்கி ஏமாந்தவன். கரண்டியால் கிளறினால் பாத்திரத்துக்குள் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்கும். தக்காளி, புளி போன்ற புளிப்பை முதலிலேயே சேர்த்தாலும், தண்ணீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீராக இருந்தாலும் பயறு சீக்கிரம் வேகாது. அதனால் ஒரு பிடியை மட்டும் சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டு ஊறவைத்து, புளிப்பில்லாமல் வேகவைத்துப் பாருங்கள். அப்போதும் கல்லாக இருந்தால் அந்தக் கிண்ணத்தையும் பில்லையும் கடை மேசையில் வையுங்கள். மற்ற வாடிக்கையாளர்கள் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

கேள்வி: சலுகையில் 10 கிலோ உருளைக்கிழங்கு வாங்கினேன். பாதி பச்சையாகி முளைத்துவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: மூன்று வாரம் ஜன்னலோரம் வைத்திருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும், சோலனின் என்ற நச்சும் கூடும். இதில் கடைக்காரர் என்ன செய்வார்? இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 10 கிலோ எதற்கு என்று சலுகைப் பலகையைப் பார்த்தபோதே கேட்டிருக்க வேண்டும். நன்றாகப் பச்சையானதைக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: குளிர்தானே, மிஞ்சிய குழம்பை இரவு அடுப்பின் மேலேயே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. குளிர் வெளியில்தான், சமையலறையில் அல்ல. அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: ஸ்லோ குக்கர் வாங்கினால் காலையில் ராஜ்மாவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்கிறார்களே?

பதில்: அப்படியே போட்டால் மருத்துவச் செலவும் சேரும். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. நாலைந்து பயறே வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். ஸ்லோ குக்கரின் மந்தமான சூட்டில் அது அழியாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். நான் 30 நிமிடம் வைக்கிறேன். அதற்குள் பிரஷர் குக்கரிலேயே வேலை முடிந்திருக்கும். என் ஸ்லோ குக்கர் இப்போது வெங்காயம் போட்டுவைக்கும் கூடை.