யாழ்ப்பாணம் அனுப்பலாமா, கராஜில் விடலாமா? வன்னியிலிருந்து சில கேள்விகள்

ஓஎல் (சாதாரண தரம்) பெறுபேறு வந்த கையோடு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "பிள்ளையை என்ன படிக்க விடலாம்?" நான் முதலில் பார்ப்பது பெறுபேற்றை அல்ல. பிள்ளை எந்த பஸ்ஸில் வருகிறது, எத்தனை மணிக்கு வீடு சேர்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். வன்னியில் நல்ல பெறுபேறுகள் பல இந்த மூன்றிலும்தான் தடுக்கி விழுகின்றன.

மகளுக்கு கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் ஏ. எங்கள் பாடசாலையில் பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பிக்கச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
*ஒரு தாய், புதுக்குடியிருப்பு*

அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் பல்கலைக்கழக அனுமதியில் உள்ள மாவட்டக் கோட்டாவை விளங்கிக்கொள்ளுங்கள். பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 100 இடம் இருந்தால் 40 இடம் அகில இலங்கைத் தரவரிசைப்படி போகும். 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படும். மிகுதி 5 இடம், கல்வி வசதி குறைந்தவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பதினாறில் அடக்கம். ஆகவே ஏஎல் (உயர்தரம்) பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் இசட் புள்ளியை ஒரே அளவில் எடுத்த இரண்டு பேரில், முல்லைத்தீவுப் பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் யாழ்ப்பாணப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம்.

மாவட்டத்தைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டு முகவரி மட்டுமல்ல. பரீட்சைக்கு முந்திய 3 வருடங்கள் பிள்ளை எந்தப் பாடசாலையில் படித்தது என்பதைப் பார்ப்பார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைநூலில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. விடுதிக்கு முற்பணம் கட்ட முன்னர் அதை ஒருமுறை வாசியுங்கள்.

அதற்காகக் கோட்டாவை நம்பி, ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளையை இருத்தி வைப்பதும் நியாயமில்லை. உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே ஏஎல்லில் விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ள, 1ஏபி எனப்படும் வேறு பாடசாலையைப் பாருங்கள். அதிபரிடம் நேராகக் கேளுங்கள்: பௌதிகவியல் யார் எடுக்கிறார், கடந்த இரண்டு வருடமும் எத்தனை பேர் சித்தி, ஆய்வுகூடம் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா? கேட்க வெட்கப்படவே வேண்டாம். சாரிக் கடையில் ஒரு சாரி வாங்க இதைவிட அதிகம் கேட்போம்.

இன்னொன்று. "டெக் படிக்கட்டும், பிறகு இன்ஜினியர் ஆகலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழில்நுட்பப் பிரிவு நல்ல பிரிவு, அதற்கென்று தொழில்நுட்ப பீடங்களும் உண்டு. ஆனால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குப் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும்.

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். மகளுக்கு என்ன விருப்பம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இன்று இரவே கேளுங்கள்.

ஓஎல்லில் கணிதம் போய்விட்டது. மல்லாவியில் ஒரு கராஜில் மோட்டார்சைக்கிள் வேலை பழகுகிறேன். அப்பா திரும்பப் பள்ளிக்கூடம் போகச் சொல்கிறார்.
*17 வயது*

தம்பி, அப்பா பயப்படுவது கராஜுக்கு அல்ல, கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் நீங்கள் நிற்கப்போகிறீர்களே என்பதற்கு. அந்தக் கடதாசியை எடுக்க மூன்று வழி இருக்கிறது.

பள்ளிக்கூடம் பிடிக்கும் என்றால் 13 வருட உத்தரவாதக் கல்வி. 2017இல் தொடங்கியது. ஓஎல் சித்தி இல்லாமலே தரம் 12இல் தொழில் பிரிவில் சேரலாம். எல்லாப் பாடசாலையிலும் இல்லை, வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். பள்ளிக்கூடமே வேண்டாம் என்றால், அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் இருக்கிறது. என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழோடு வெளியே வரலாம். 4ஆம் மட்டம் தேர்ந்த தொழிலாளிக்கு, 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். சேர என்ன தகைமை கேட்கிறார்கள் என்பதை ஒவ்வொரு கற்கைக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

கராஜை விடவே மனமில்லையா? அப்போது மூன்றாவது வழி: முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை. நீங்கள் வேலை செய்வதை மதிப்பீட்டாளர் பார்த்து, கேள்வி கேட்டு, தகுதி இருந்தால் என்விகியூ தருவார்கள். இன்றிலிருந்தே நீங்கள் கழற்றிப் பூட்டிய இயந்திரங்களைப் போனில் படம் எடுத்து, திகதி போட்டு வையுங்கள். முதலாளியிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

அப்புறம், கணிதத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இன்னொரு தடவை எழுதுங்கள். அந்த ஒரு எஸ் (சாதாரண சித்தி) பிறகு பல கதவைத் திறக்கும்.

வழிகாட்டல் ஆலோசனைப் பொறுப்பைப் புதிதாகத் தந்திருக்கிறார்கள். தனி அறை இல்லை. ஒரு பிள்ளை என்னிடம் வந்தாலே "அவளுக்கு ஏதோ பிரச்சினை" என்று வகுப்பு முழுக்கக் கதை. எப்படித் தொடங்குவது?
*ஓர் ஆசிரியை, துணுக்காய் வலயம்*

டீச்சர், அறையைவிட முக்கியம், உங்களிடம் வருவதற்குப் பிள்ளைக்கு ஒரு சாதாரணக் காரணம் இருப்பது. மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல், ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியல் கல்லூரியின் அறிவித்தல், தொழிற்பயிற்சி விண்ணப்பம் எல்லாம் உங்கள் மேசையில் கிடக்கட்டும். எல்லோரும் வருவார்கள். இசட் புள்ளி கேட்க வந்த பிள்ளை, மற்றவர்கள் போனபின்னும் நிற்கும். அதுதான் உங்கள் நேரம்.

இடத்துக்கு, நூலகத்தின் ஒரு மூலையோ வேப்பமரத்தடியோ போதும். கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. மாணவத் தலைவரை வகுப்புக்கு அனுப்பிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.

நம் பகுதிக்கென்று ஒரு கவனம் வேண்டும். இன்று ஓஎல், ஏஎல் எழுதும் பிள்ளைகள் 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். போர் அவர்கள் நினைவில் இல்லை, ஆனால் அது இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. விபரப் படிவத்தில் "தந்தையின் தொழில்" என்ற கட்டத்தை வகுப்பில் சத்தமாகக் கேட்டு நிரப்புகிறோம். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பிள்ளை அதற்கு என்ன சொல்லும்? படிவத்தைக் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், வெறுமையாக விட்டால் ஏன் என்று கேட்காதீர்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவரிடம் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். துஷ்பிரயோகம் என்று தெரிந்தால் நீங்களே துருவி விசாரிக்கப் போக வேண்டாம். சிறுவர் உதவி இலக்கமான 1929க்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். உயிரை மாய்ப்பது பற்றிப் பிள்ளை பேசினால் தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கு 1926, வைத்தியசாலைக்கும் உடனே கொண்டு போக வேண்டும்.

ஏஎல் கலைப்பிரிவு, மூன்று பாடமும் சித்தி. ஆசிரியை ஆக ஆசை. கெம்பஸா, கல்வியியல் கல்லூரியா?
*நெடுங்கேணி*

ஆசை ஆசிரியத் தொழில்தான் என்று உறுதி என்றால் கல்வியியல் கல்லூரி, தங்கச்சி. 3 வருடம், அதில் கடைசி வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. வவுனியாவிலேயே ஒன்று இருக்கிறது. கலைப்பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

ஏஜென்சிக்காரர் கட்டாரில் வேலை என்கிறார். பாஸ்போட்டை இப்போதே கேட்கிறார்.
*பரந்தன்*

கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து, அனுமதிப்பத்திரம் உள்ள ஏஜென்சியா, அந்த வேலைக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

2006இல் ஓஎல் எழுதினேன். இடம்பெயர்ந்தபோது சான்றிதழ் போய்விட்டது. இப்போது ஒரு பயிற்சிக்குக் கேட்கிறார்கள். பரீட்சைச் சுட்டெண்ணும் ஞாபகம் இல்லை.
*விசுவமடு*

பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கிறது. சான்றுப்படுத்திய பிரதிக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சுட்டெண் இருந்தால் வேலை சுகம். பாடசாலையின் பழைய பதிவில் இல்லாவிட்டால், அன்று உங்களுக்கு முன்னும் பின்னும் இருந்து எழுதியவர்களைத் தேடுங்கள். எண்கள் வரிசையாகத்தான் போகும். ஒருவரின் சான்றிதழ் தப்பியிருந்தாலும் உங்கள் எண்ணைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். விண்ணப்பத்தில் பெயரை அன்று பாடசாலையில் எழுதிய எழுத்துகளிலேயே எழுதுங்கள், இப்போதைய அடையாள அட்டையில் உள்ளபடி அல்ல.